தளபதியை எதிர்த்த விமானி: யோஹன்னெஸ் ஸ்டைன்ஹோஃப்

அவையோருக்கு வணக்கம்.

இரண்டாம் உலகப் போரில் பறந்த ஜெர்மன் போர் விமானிகளைப் பற்றி யார் பேசத் தொடங்கினாலும் முதலில் எண்கள்தான் வந்து நிற்கும். எரிக் ஹார்ட்மன் 352 விமானங்களை வீழ்த்தினார், கெர்ஹார்ட் பார்க்ஹோர்ன் 301 என்று பட்டியல் போகும். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட யோஹன்னெஸ் ஸ்டைன்ஹோஃபின் பெயரில் உள்ள கணக்கு 176. அந்தக் கணக்குக்காக நான் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. தன் தலைமையைப் பார்த்து "இது தவறு" என்று சொல்லத் துணிந்த படைத்தலைவர்களில் அவர் ஒருவர். எதைத் தவறு என்றார், எப்போது சொன்னார், எதைச் சொல்லாமல் விட்டார் என்பதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

எண்களைப் பற்றி மட்டும் முதலில் ஒரு வார்த்தை. 1939 டிசம்பர் 18 அன்று பிரிட்டனின் வெலிங்டன் குண்டுவீச்சு விமானங்கள் பட்டப்பகலில் ஜெர்மனியின் வடகடல் கரையோரம் வந்தன. ஹெலிகோலாந்துத் தீவை ஒட்டிய வானில் ஜெர்மன் போர் விமானங்கள் அவற்றை மறித்தன. ஸ்டைன்ஹோஃபும் அந்தச் சண்டையில் பறந்தார். 38 விமானங்களை வீழ்த்திவிட்டதாக ஜெர்மானியர் கோரினர். வந்தவை 22 மட்டுமே. பிரிட்டன் இழந்தவை 12. வெற்றி பெற்ற விமானிகளைப் பெர்லினுக்கு அழைத்துச் சென்று வெளிநாட்டுப் பத்திரிகையாளர்கள் முன் உட்கார வைத்தார்கள். அந்த மேடையில் ஸ்டைன்ஹோஃபும் இருந்தார். விமானிகள் அனைவரும் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரே விமானத்தை மூன்று பேர் சுட்டால் மூவருமே தாம் வீழ்த்தியதாக நம்புவது வான்சண்டையில் எங்கும் நடப்பது. அந்த நம்பிக்கையை வாங்கிப் பிரசாரமாக்கியது அரசு.

ஜெர்மன் விமானிகளின் கணக்கு மட்டும் ஏன் நூறையும் இருநூறையும் தாண்டுகிறது என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்க, பிரிட்டிஷ் விமானிகள் குறிப்பிட்ட காலம் பறந்தபின் பின்னணிக்கு அனுப்பப்பட்டார்கள். புதியவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஜெர்மன் விமானிக்கு அந்த ஓய்வு கிடையாது. சாகும்வரை, அல்லது உடல் முடமாகும்வரை பறக்க வேண்டும். ஸ்டைன்ஹோஃப் போரின் முதல் ஆண்டிலிருந்து கடைசி மாதம் வரை 993 முறை போருக்குப் பறந்தார். பன்னிரண்டு முறை சுட்டு வீழ்த்தப்பட்டார். இது வீரத்தின் அளவு என்பதைவிட, ஆட்களைத் தீர்ந்துபோகும் பொருளாக நடத்திய ஒரு படையின் அளவு என்றே நான் படிக்கிறேன்.

அவர் 1913இல் துரிங்கியாவின் போட்டன்டார்ஃப் என்ற சிற்றூரில் பிறந்தார். யேனா பல்கலைக்கழகத்தில் மொழியும் இலக்கியமும் படித்தார். படிப்பைத் தொடரப் பணமில்லை. 1934இல் கடற்படையில் சேர்ந்தார், அங்கிருந்து புதிதாக உருவான விமானப்படைக்கு மாறினார். 1940இல் ஆங்கிலக் கால்வாய்க் கரையில் அவருடைய பிரிவில் பெர்லினைச் சேர்ந்த ஓர் இளைஞன் இருந்தான். திறமைசாலி, ஆனால் ஒழுங்குக்கு அடங்காதவன். இவன் என் பிரிவுக்கு வேண்டாம் என்று ஸ்டைன்ஹோஃப் அவனை வேறிடம் அனுப்பிவிட்டார். அந்த ஹான்ஸ் யோவாகிம் மார்சேய்தான் பின்னர் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பெரும்புகழ் பெற்று, 22 வயதில் எஞ்சினில் தீப்பிடித்த விமானத்திலிருந்து குதித்து இறந்தான்.

கிழக்குப் போர்முனையை நான் விரைவாகக் கடக்கிறேன். ஸ்டைன்ஹோஃபின் வெற்றிகளில் மிகப் பெரும்பாலானவை அங்கே வந்தவை. 1942 ஆகஸ்டு இறுதியில் நூறாவது வெற்றி. காகசஸ், பிறகு ஸ்டாலின்கிராட். ஒன்றை மட்டும் சொல்லாமல் கடக்க முடியாது. ஜெர்மன் படை முன்னேறிய அந்தத் தென் ரஷ்ய நிலத்தில், படையின் பின்னாலேயே கொலைப்படைகளும் போயின. யூதர்களை ஊர் ஊராகத் திரட்டிச் சுட்டுக் கொன்றன. மேலே பறந்தவர்கள் பிடித்துக் கொடுத்த வானத்தின் கீழேதான் அது நடந்தது.

1943 ஏப்ரலில் அவர் 77ஆம் போர் விமானப் படையணியின் தலைவரானார். முந்தைய தலைவர் யோவாகிம் முன்ஷபெர்க் சில நாட்களுக்கு முன்புதான் துனீசியாவில் இறந்திருந்தார். துனீசியாவும் வீழ்ந்தபின் படையணி சிசிலிக்குப் பின்வாங்கியது. அங்கே நாள்தோறும் ஓடுதளங்களில் குண்டு விழுந்தது. ஜூன் 25 அன்று மெசினாவைத் தாக்கிவிட்டு ஆப்பிரிக்காவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களை மறிக்க அவருடைய விமானிகள் கடலுக்கு மேல் போனார்கள். எதிரி விமானங்கள் மிகத் தாழப் பறந்ததால் கண்டுபிடிப்பதே கடினமாகிவிட்டது. பெரும்பாலோர் எதையும் காணாமலே திரும்பினார்கள். விழுந்தவை மிகச் சில. அவற்றில் ஒன்றை வீழ்த்தியவர் ஸ்டைன்ஹோஃப்.

அதற்கு எதிர்வினையாக, விமானப்படையின் தலைமைத் தளபதி ஹெர்மன் கோரிங்கிடமிருந்து ஒரு தந்தி வந்தது. ஈடுபட்ட ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒரு விமானியைத் தேர்ந்தெடுத்து, எதிரியின் முன் கோழைத்தனம் காட்டியதாக இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும் என்பது உத்தரவு. யார் குற்றவாளி என்பதே கேள்வியாக இல்லை. எவராவது ஒருவர் போதும். தலைவர்கள் ஓர் இளைஞனைப் பிடித்துக் கொடுக்க மறுத்தார்கள். தங்கள் பெயர்களையே முன்வைத்தார்கள். விசாரணை நடக்காமலே போனது. அந்த வேளையில் ஒரு பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுத் தன் பதவியைக் காத்துக்கொள்வது எவ்வளவு எளிது! அவர்கள் அதைச் செய்யவில்லை. இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் மதிப்பு பிறக்கிறது.

ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு மோதல் நேருக்கு நேர் வந்தது. 1944 மே முதல் அமெரிக்கக் குண்டுகள் செயற்கை எரிபொருள் ஆலைகளைச் சிதைத்தன. எரிபொருள் இல்லாததால் பயிற்சி சுருங்கியது. அரைகுறைப் பயிற்சியுடன் வந்த இளைஞர்கள் முதல் சில பறப்புகளிலேயே இறந்தார்கள். கோரிங்கோ, தோல்விக்குக் காரணம் போர் விமானிகளின் கோழைத்தனம் என்று ஊரறியப் பேசினார். போர் விமானப் பிரிவின் தளபதி அடால்ஃப் காலன்ட் பதவியிலிருந்து தூக்கி எறியப்பட்டார்.

1945 ஜனவரியில் பெர்லினில் படையணித் தலைவர்கள் சிலர் கோரிங்கின் முன் வந்து உட்கார்ந்தார்கள். படையணித் தலைவர்களில் ஒருவரான குந்தர் லூட்ஸோ எல்லோர் சார்பிலும் பேசினார். பேசி முடிக்கும்வரை இடைமறிக்கக் கூடாது என்று நாட்டின் இரண்டாம் அதிகாரியிடமே கேட்டுக்கொண்டுதான் தொடங்கினார். காலன்ட் நீக்கப்பட்டது, ஜெட் விமானங்களைக் குண்டுவீச்சுப் பிரிவினருக்குக் கொடுத்தது, விமானிகளை அவமதித்தது என ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஸ்டைன்ஹோஃபும் அந்த மேசையில் இருந்தார். கோரிங் கொதித்தெழுந்தார். லூட்ஸோவைச் சுடச் சொல்வேன் என்று கத்திவிட்டு வெளியேறினார். சுடவில்லை, இத்தாலிக்கு அனுப்பினார். முதல் ஜெட் போர் விமானப் படையணியின் தலைமை அதே வாரங்களில் ஸ்டைன்ஹோஃபின் கையைவிட்டுப் போனது.

போர் விமானிகளின் கலகம் என்று வரலாற்றில் இது பேசப்படுகிறது. அந்தக் கலகத்தின் குற்றப்பட்டியலை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அதில் உள்ளவை எல்லாம் படையின் குறைகள். நகரங்களையும் நாடுகளையும் எரித்த போரைத் தொடங்கியது தவறு என்று அதில் இல்லை. கொல்லப்பட்ட மக்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அதே மாதம் 27ஆம் நாள் சோவியத் படை, யூதர்களைக் கொன்று குவித்த ஆஷ்விட்ஸ் முகாமின் வாயிலை அடைந்தது. உயிரைப் பணயம் வைத்துப் பேசிய அந்தத் தலைவர்கள் கேட்டது, இதே போரை இன்னும் திறமையாக நடத்த வேண்டும் என்பதைத்தான். துணிச்சல் உண்மையானது. அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகவில்லை என்பதும் உண்மை. இரண்டையும் ஒருசேரச் சொல்லாமல் இந்த மனிதர்களைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது.

காலன்டுக்கு ஒரு சிறு ஜெட் பிரிவை அமைக்க அனுமதி கிடைத்தது. விமானிகளைத் திரட்டியவர் ஸ்டைன்ஹோஃப். மருத்துவமனைகளிலிருந்தும் கலைந்த படையணிகளிலிருந்தும் பழைய தோழர்கள் வந்து சேர்ந்தார்கள். பறந்தது மெஸ்ஸர்ஷ்மிட் 262. மணிக்கு சுமார் 870 கிலோமீட்டர் வேகம். நல்ல உலோகம் கிடைக்காததால் அதன் எஞ்சின்கள் சில மணி நேரங்களிலேயே பழுதாகிவிடும். அந்த விமானத்தில் ஸ்டைன்ஹோஃப் ஆறு வெற்றிகள் பெற்றார்.

1945 ஏப்ரல் 18, மியூனிக் அருகே ரீம் விமானதளம். குண்டுப் பள்ளங்களை அவசரமாக மூடியிருந்த ஓடுதளத்தில் அவருடைய விமானம் வேகமெடுத்தபோது சக்கரம் ஒன்று சிதைந்தது. மேலெழும்ப முடியவில்லை. எரிபொருளும், இறக்கைகளின் கீழிருந்த ராக்கெட்டுகளும் தீப்பற்றின. அவர் எரிந்துகொண்டே வெளியே வந்தார். ஆறு நாட்களில் லூட்ஸோ ஒரு சண்டையிலிருந்து திரும்பவில்லை. மூன்றாவது வாரம் போர் முடிந்தது. ஸ்டைன்ஹோஃப் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் மருத்துவமனையில் கிடந்தார். முகம் முழுவதும் தழும்பு. இமைகள் எரிந்துபோனதால் கண்களை மூட முடியாது. 1969இல் பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் ஒருவர் புதிய இமைகளைச் செய்து கொடுக்கும்வரை, இருபது ஆண்டுகளுக்கு மேல், கண்ணை மூடாமலே உறங்கினார்.

இந்த முகத்தோடுதான் அவர் மேற்கு ஜெர்மனியின் புதிய விமானப்படைக்குத் திரும்பி, 1966இல் அதன் தலைவரானார். அப்போது ஸ்டார்ஃபைட்டர் ஜெட் விமானங்கள் அடுத்தடுத்து விழுந்துகொண்டிருந்தன. வாங்கிய 916 விமானங்களில் இறுதிவரை 292 விபத்தில் அழிந்தன. 116 விமானிகள் இறந்தார்கள். அவருக்கு முன்பிருந்த தலைவர் அரசின் கொள்முதலைக் குறை சொல்லிப் பதவி இழந்திருந்தார். ஸ்டைன்ஹோஃப் போதிய அதிகாரம் தருவதாக உறுதி பெற்றபின்தான் பொறுப்பேற்றார். பராமரிப்பு ஒழுங்குபடுத்தப்பட்டது, பயிற்சி திருத்தப்பட்டது, விமானியை வெளியே வீசும் இருக்கை மாற்றப்பட்டு பிரிட்டிஷ் மார்ட்டின் பேக்கர் இருக்கை பொருத்தப்பட்டது. விபத்துகள் குறைந்தன. இந்த முறை அவர் தலைமையிடம் கேட்டது இளைஞர்களின் உயிரை. பின்னர் 1971 முதல் 1974 வரை நேட்டோவின் இராணுவக் குழுவுக்குத் தலைமை வகித்தார். 1994இல் மறைந்தார்.

ஜெர்மன் விமானப்படையின் படையணிகளில் ஒன்றுக்கு, இரண்டாம் உலகப் போர் விமானி வெர்னர் மோல்டர்ஸின் பெயர் இருந்தது. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் சர்வாதிகாரி ஃபிராங்கோவுக்காகப் பறந்த ஜெர்மன் படைப்பிரிவில் இருந்தவர் என்பதால் 2005இல் அந்தப் பெயரை நீக்கினார்கள். லாகெ தளத்தில் உள்ள 73ஆம் படையணிக்கு 1997இல் சூட்டிய ஸ்டைன்ஹோஃபின் பெயர் நீடிக்கிறது. 176 விமானங்களுக்காக அந்தப் பெயர் இருக்குமானால் நான் அதை எதிர்ப்பேன். 1966க்குப் பிறகு அவர் காப்பாற்றிய விமானிகளுக்காக இருக்குமானால், அது அங்கே இருப்பது சரி என்பது என் கருத்து. இதில் மாற்றுக் கருத்துள்ளவர்கள் இந்த அவையில் நிச்சயம் இருப்பீர்கள். அதைக் கேட்க விரும்புகிறேன்.

நன்றி. வணக்கம்.