ஆளை முழுங்குற செடியும் குட்டி தியேட்டரும்: லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ் மேடையில எப்படி வளருது?

[திரையில்: இருட்டு மேடை, ஒரு பூக்கடை கவுண்டர், மேல ஒரு சின்ன தொட்டி]

ரத்தம் குடிக்கிற செடி, அது பாடும், பேரம் பேசும், கடைசில ஆளையே முழுங்கும். இத கேட்ட உடனே பெரிய மேடை, கோடிக்கணக்குல செலவுனு தான் தோணும் இல்லையா? ஆனா இந்த மியூசிக்கல் பொறந்ததே ஒரு குட்டி தியேட்டர்ல தான். 1982 மே மாசம், நியூயார்க்ல டபிள்யூபிஏ தியேட்டர். கதை, வசனம், பாட்டு வரி, டைரக்‌ஷன் எல்லாம் ஹோவர்ட் ஆஷ்மன், இசை ஆலன் மென்கன், மூலக்கதை 1960ல ரோஜர் கோர்மன்ங்கற டைரக்டர் ரொம்ப கம்மி செலவுல சட்டுபுட்டுனு எடுத்து முடிச்ச ஒரு படம். அதே வருஷம் ஜூலைல ஆர்ஃபியம் தியேட்டருக்கு மாறி 1987 வரைக்கும் 2,209 ஷோ ஓடுச்சு. நடுவுல பிராட்வேக்கு, அதாவது நியூயார்க்கோட பெரிய தியேட்டருங்களுக்கு கொண்டு போலாம்னு பேச்சு வந்தப்போ ஆஷ்மன் ஒத்துக்கல, இது இங்கயே இருக்கட்டும்னுட்டாரு. என்னைக் கேட்டா இந்த நாடகத்துக்காக எடுத்த முடிவுலயே பெஸ்ட் அதுதான்.

ஏன்னா செடி வளருறது தான் இங்க கதையே. பெரிய மேடையில அது எவ்ளோ வளந்தாலும் சுத்தி இடம் மிச்சம் இருக்கும், சின்ன மேடையில அப்படி இல்ல, ஒவ்வொரு சீனுக்கும் நடிகருங்க நிக்குற இடம் குறைஞ்சுட்டே வரும், கடைசில கடைக்குள்ள செடி இருக்கா இல்ல செடிக்குள்ள கடை இருக்காங்கற நிலைமை, அந்த மூச்சுமுட்டல காசு குடுத்து வாங்க முடியாது.

[திரையில்: நாலு சைஸ் பொம்மை, பக்கத்து பக்கத்துல]

சரி, எப்படி வளருது? முதல் ஷோவுக்கு பொம்மை பண்ணது செஸமி ஸ்ட்ரீட்ங்கற குழந்தைங்க டிவி பொம்மை ஷோல வேலை பாத்த மார்ட்டின் ராபின்சன். மொத்தம் நாலு சைஸ். முதல்ல வாடிப்போன குட்டி செடி. ரெண்டாவது தான் எனக்கு ரொம்ப பிடிச்சது: பூக்கடையில வேலை பாத்துட்டு இந்த செடிய வளக்குற ஹீரோ சீமோர் தொட்டிய கையில அணைச்சு வெச்சுட்டு உக்காந்திருப்பான், தொட்டிய பிடிச்சிருக்குற மாதிரி தெரியுற கை டம்மி, சட்டைக்குள்ள தைச்சது, நிஜ கை செடிக்குள்ள இருந்து அதோட வாய ஆட்டிட்டு இருக்கும், அதாவது நடிகர் ஒரே நேரத்துல பாடணும், நடிக்கணும், ஒரு கைய மட்டும் வேற உயிரா மாத்தணும். மூணாவதுல ஒரு ஆள் உள்ள உக்காந்து கால வேர் மாதிரி நீட்டிப்பாரு. நாலாவது மேடையையே அடைச்சுக்கும், வாய் வழியா நடிகருங்க உள்ள போயிடுவாங்க.

இதுல இன்னொரு விஷயம், செடிக்கு குரல் குடுக்குறது வேற ஆள். பாடுறவரு மறைவா எங்கயோ மைக் முன்னாடி, ஆட்டுறவரு இருட்டுல, வேர்வையில, வெயிட்ட தூக்கிட்டு. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாக்காமலே ஒரே மூச்சுல போகணும், பாட்டுல எங்க மூச்சு எடுக்குறாங்கனு கூட ஆட்டுறவருக்கு மனப்பாடமா தெரியணும். ஒரு எழுத்து பிந்தினா செடி செத்துடும், பொம்மை தான் மிஞ்சும்.

இப்ப புதுசா பண்றவங்களுக்கு எங்க இடம் இருக்கு? லைசென்ஸ் எடுத்து பண்ற நாடகம், அனுமதி இல்லாம வசனத்தயோ பாட்டயோ மாத்தக்கூடாது. அப்போ மிச்சம் இருக்குறது செடி, செட், யாரு நடிக்கிறாங்கங்கறது. நிறைய குழு பொம்மைய வாடகைக்கு எடுப்பாங்க, அதுல தப்பே இல்ல. ஆனா 2018ல லண்டன் ரீஜென்ட்ஸ் பார்க் திறந்தவெளி தியேட்டர்ல விக்கி வாக்ஸ்ங்கற டிராக் கலைஞரையே, அதாவது பெண் வேஷம் போட்டு மேடை ஏறுறவரையே செடியா நிறுத்தினாங்க. முகம் இருக்குற செடி! செடியோட பேச்சுக்கு சீமோர் ஏன் மயங்குறான்னு அங்க தனியா விளக்கவே வேணாம். சின்ன குழுவுக்கு இது பெரிய வழிய தொறந்து விடுது, பொம்மைக்கு காசு இல்லனாலும் நல்ல உடம்பும் குரலும் இருந்தா போதும்.

[திரையில்: ஆட்ரி தனியா, ஒரே ஒரு லைட்]

ஆனா செடிய விட கஷ்டம் நடிப்பு. ஸ்கிரிப்ட்லயே ஆஷ்மன் குறிப்பு எழுதி வெச்சிருக்காரு, கிண்டல் எல்லாம் எழுத்து பாத்துக்கும், நடிகருங்க நேர்மையா, எளிமையா, அன்பா நடிச்சா போதும்னு. அதே கடையில வேலை பாக்குற ஹீரோயின் ஆட்ரி கண்ணுல காயத்தோட கடைக்கு வர்றா, காரணம் அவளோட காதலன், அவள அடிக்கிற ஒரு பல் டாக்டர். அவ பாடுறது ஒரு சின்ன வீடும் தோட்டமும் வேணும்னு, அவ்ளோதான். அத கேலியா பாடினா மக்கள் சிரிச்சுட்டு மறந்துடுவாங்க. நெஜமா ஆசைப்பட்டு பாடினா, சிரிச்சவங்களுக்கே தொண்டை அடைக்கும், மூணாவது வரிசையில உக்காந்து அவ கண்ண பாக்குறவங்களுக்கு சொல்லவே வேணாம். டாக்டர் சீன்ல சிரிப்பு அவன பாத்து வரணும், அவ அடி வாங்குறத பாத்து வரக்கூடாது, புதுசா பண்ற எந்த டைரக்டரும் இதுல ரொம்ப கவனமா இருக்கணும்.

கடைசியா முடிவு. 1986ல படமா எடுத்தப்போ சீமோரும் ஆட்ரியும் சாகுறத டெஸ்ட் ஷோல பாத்தவங்களுக்கு பிடிக்கல, திரும்ப ஷூட் பண்ணி சுபமா மாத்தினாங்க. மேடையில அந்த சலுகை கிடையாது. ரெண்டு பேரையும் செடி தின்னுடும், அது தின்ன ஆளுங்க முகமெல்லாம் செடியில பூவா வரும், பூவே பாடும், செடிக்கு தீனி போடாதீங்கனு. முதல் ஷோல அந்த நேரம் கொடிங்க மேல இருந்து ஆடியன்ஸ் தலை மேலயே இறங்குச்சு. இப்ப பண்றவங்க கயிறும் பச்சை துணியும் வெச்சே அத பண்ணலாம், குட்டி தியேட்டர்ல கடைசி வரிசை வரைக்கும் எட்டும்.