எய்ட்-பால் பிரேக்ல "நாலு பந்து குஷன்ல படணும்"னா எப்படி எண்றது?

ஒரு நண்பர் எய்ட்-பால்ல (எட்டாம் நம்பர் பந்தைக் கடைசியாப் போடுற பூல் ஆட்டம்) மெதுவா பிரேக் (அடுக்கின பந்துகளைக் கலைக்கிற முதல் அடி) பண்ணியிருக்கார். எந்தப் பந்தும் பாக்கெட்ல விழல. ரெண்டு பந்து குஷனுக்கு (மேஜையோட ரப்பர் ஓரம்) போச்சு, அதுல ஒண்ணு ரெண்டு குஷன்ல பட்டுச்சு. வெள்ளையும் (கோலால அடிக்கிற பந்து) ஒரு குஷன்ல முட்டுச்சு. "மொத்தம் நாலு ஆச்சே, செல்லும்ல?"ன்னு கேட்கிறார். எதிராளி ஃபவுல்னு சொல்லி, இஷ்டப்பட்ட இடத்துல வச்சு ஆட வெள்ளையைக் கையில எடுத்துட்டாராம்.

ரெண்டு பேரும் சொன்னது சரியில்லீங்க.

விதி எண்ணச் சொல்றது பந்தை. எத்தனை தடவை பட்டுச்சுன்றதை இல்ல. ஒரே பந்து மூணு குஷன்ல பட்டாலும் கணக்குல ஒண்ணுதான். வெள்ளை இந்தக் கணக்குலயே வராது. நம்பர் போட்ட 15 பந்துல வேற வேற நாலு பந்து குஷனைத் தொடணும். அப்போ உங்க பிரேக்ல கணக்கு ரெண்டுதான், செல்லாது. ஸ்ட்ரெயிட் பூல்ங்கிற இன்னொரு ஆட்டத்துல முதல் பிரேக்குக்கு வெள்ளையும் இன்னும் ரெண்டு பந்தும் குஷனைத் தொடணும். அந்த விதியை இதோட போட்டுக் குழப்பிக்காதீங்க. ஒரு பந்து விழுந்து, ஃபவுலும் இல்லைன்னா நாலு எண்ண வேண்டியதே இல்ல, நீங்களே தொடர்ந்து ஆடலாம்.

இப்ப எதிராளி பக்கம் வருவோம். உலக பூல் சங்க விதிப்படி எய்ட்-பால்ல செல்லாத பிரேக் வேற, ஃபவுல் வேற. இதுக்கு வெள்ளையைக் கையில எடுக்குற உரிமை கிடையாது. பந்துங்க நிக்கிற நிலையிலேயே ஆடலாம், மறுபடி அடுக்கித் தானே பிரேக் பண்ணலாம், இல்லேன்னா உங்களையே திரும்பப் பண்ணச் சொல்லலாம். அவ்வளவுதான்.

பிரேக்ல வெள்ளை பாக்கெட்ல விழுந்தா அது ஃபவுல். அப்பக்கூட மேஜை முழுக்க எங்க வேணாலும் வைக்க முடியாது, ஹெட் ஸ்ட்ரிங்குக்கு (பிரேக் பண்ற பக்கத்துல இருக்குற குறுக்குக் கோடு) பின்னாலதான். ஒன்பதடி மேஜைல அந்தக் கோடு தலைப்பக்க குஷன்லேர்ந்து 25 அங்குலம். பந்தோட விளிம்பைப் பார்க்காதீங்க, அதோட அடிப்பாகம் துணியைத் தொடுற இடத்தைப் பாருங்க. பிரேக்ல எட்டாம் நம்பர் பந்து விழுந்தாலும் ஆட்டம் முடியாது. ஃபவுல் இல்லைன்னா, எட்டை ஸ்பாட்ல (அடுக்குல முதல் பந்து நிக்கிற புள்ளி) வச்சுட்டுத் தொடரலாம், இல்ல திரும்ப பிரேக் பண்ணலாம்.

நைன்-பால்ல (ஒன்பது பந்து வச்சு ஆடுற பூல்) இதே தப்புக்கு ஃபவுல்தான். வெள்ளை முதல்ல ஒண்ணாம் நம்பர்லதான் படணும், நாலு பந்து போகலைன்னா எதிராளி வெள்ளையை எங்க வேணாலும் வச்சு ஆடலாம்.

நாலு வராததுக்கு வேகக்குறைவு மட்டுமில்ல, ராக்கும் (பந்துகளை அடுக்கின விதம்) காரணமா இருக்கலாம். முதல் பந்துக்கும் அதுக்குப் பின்னால இருக்குற ரெண்டுக்கும் நடுவுல மயிரிழை இடைவெளி இருந்தாக்கூட அடியோட வேகம் சரியாப் பரவாது. முக்கோணத்தை எடுக்கறதுக்கு முன்னாடி பின் வரிசையை விரலால முன்னாடி அழுத்திப் பிடிங்க. எடுத்ததும் குனிஞ்சு பாருங்க: முதல் மூணு பந்துக்கு நடுவுல வெளிச்சம் தெரியக் கூடாது. முதல் பந்தோட நடுவுல முழுசா அடிங்க. ஓரத்துல பட்டா வேகம் வெள்ளையிலேயே தங்கிடும், கூட்டம் கலையாது, வெள்ளையும் பாக்கெட்டைத் தேடிப் போயிடும்.