41இல் வைத்த அட்டை 58இல் இருந்தது!

எல்லாருக்கும் வணக்கம். இன்றைக்குக் குரல் கொஞ்சம் கரகரவென்றுதான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆறு வாரமாகத் தினமும் இரவு சத்தம் போட்டு வாசித்ததில் தொண்டை கட்டிக்கொண்டது. அதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. இதோ, இந்த அட்டையைப் பாருங்கள். புதுச் சட்டையில் தொங்குமே, அதுதான். சின்னவன் புத்தகத்தில் அடையாளத்துக்கு இதைத்தான் செருகி வைக்கிறோம். நேற்று இரவு நான் மூடி வைத்தது 41ஆம் பக்கத்தில். காலையில் போர்வையை உதறும்போது புத்தகம் தொப்பென்று விழுந்தது. எடுத்துப் பார்த்தால் அட்டை 58இல் இருக்கிறது!

சின்னவன் தானாகவே படித்திருக்கிறான் என்று உடனே நம்பிவிடவில்லை. விழுந்த அட்டையை யாராவது கண்ட இடத்தில் செருகியிருக்கலாம் அல்லவா? பெரியவளைக் கேட்டேன், தொடவே இல்லை என்றாள். பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தேன். 52ஆம் பக்க ஓரத்தில் பென்சில் கரியோடு ஒரு கட்டைவிரல் ரேகை! இன்னும் கிட்டே காட்டுகிறேன்... தெரிகிறதா? சரி, வெளிச்சம் போதவில்லை. இருக்கிறது, நம்புங்கள்.

பழைய ஆட்களுக்கு என் நட்சத்திர சார்ட் ஞாபகம் இருக்கும். பத்துப் பக்கம் படித்தால் ஒரு நட்சத்திரம், ஐந்து நட்சத்திரத்துக்கு அரை மணி நேரம் ஃபோன். எவ்வளவு பெருமையாக அந்த வீடியோவைப் போட்டேன்! முதல் வாரம் படு ஜோர். இரண்டாவது வாரம் அவன் தேடித் தேடி எடுத்ததெல்லாம் பெரிய எழுத்துப் புத்தகங்கள். "அம்மா, படம் மட்டும் இருக்கிற பக்கமும் கணக்குதானே?" என்று கேட்டான். சார்ட்டைக் கழற்றிய அன்றே புத்தகமும் அலமாரிக்குப் போய்விட்டது. அவன் படிக்கவில்லை, கூலி வேலை பார்த்திருக்கிறான். மேஸ்திரி நான்தான்.

அப்புறம்தான் 1973இல் வந்த ஓர் ஆய்வைப் பற்றித் தெரிந்துகொண்டேன். மார்க் லெப்பர் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் செய்தது. வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள சின்னப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். சிலரிடம் மட்டும் "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்துச் சும்மா விளையாட விட்டபோது, அந்தப் பிள்ளைகள்தான் பேனாவைக் குறைவாகத் தொட்டார்கள். முன்னால் சொல்லாமல் திடீரென்று பரிசு கொடுத்தவர்களுக்கு அந்தப் பாதிப்பு இல்லை. எனக்குச் சுருக்கென்றது.

அதனால் பேரத்தை நிறுத்திவிட்டு, நானே வாசித்துக் காட்ட ஆரம்பித்தேன். ஒன்பது வயதுப் பையனுக்கு இன்னுமா வாசித்துக் காட்டுவார்கள் என்று கேட்காதீர்கள். தானாக எழுத்துக் கூட்டிப் படித்துப் புரிந்துகொள்வதைவிடக் கடினமான கதையைக்கூட இந்த வயதில் காதால் கேட்டுப் புரிந்துகொள்வார்கள்.

ஐயோ, முக்கியமானதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நம் மொழியில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அவன் வாயில் வருவது "ஓடிட்டு இருந்துச்சு". புத்தகத்தில் இருப்பது "ஓடிக்கொண்டிருந்தது". பத்து எழுத்து! "ஓடிக்... கொண்... டிருந்..." என்று முடிப்பதற்குள் ஓடியது நாயா நரியா என்பதே மறந்துபோகிறது. இதை மக்கு என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். அந்தத் தமிழ் அவன் காதில் விழுந்ததே இல்லை, அவ்வளவுதான். மூன்று வாரம் கேட்ட பிறகு, நான் "கொண்டி" என்று தொடங்கினாலே "ருந்தது" என்று அவன் முடிக்கிறான்.

நடுவில் இந்த விளக்கைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கட்டிலில் கவ்வி நிற்கும் விளக்கு. சரியாகக் கதை சூடு பிடிக்கும்போது கழுத்து தொங்கி, வெளிச்சம் முழுக்க என் முழங்காலில் விழும். நிமிர்த்தினால் நான்கு வரி தாங்கும், மறுபடியும் தொங்கும். ரப்பர் பேண்ட் போட்டேன், அறுந்தது. நூல் கட்டினேன், ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டது. கடைசியில் பழைய ஸ்கேலை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கிறேன். மூன்று நாளாக நிற்கிறது. இதைச் செய்த மகராசன் ஒரு நாளாவது படுத்துக்கொண்டு படித்திருப்பாரா?

சரி, புத்தகத்துக்கு வருகிறேன். நான் ஆசை ஆசையாக எடுத்துக் கொடுத்த மூன்று கதைப் புத்தகங்களையும் அவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நூலகவியலுக்கு எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் ஐந்து விதிகள் தந்தார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பவை அதில் இரண்டு. இவனுக்கான நூல் கடல் பிராணிகள். ஆக்டோபஸுக்கு மூன்று இதயம், ரத்தம் நீல நிறம் என்று படித்த இரவு பதினொரு மணி வரை தூங்கவில்லை. "ஒன்று நின்றுபோனால் மற்ற இரண்டை வைத்து ஓட்டுமா அம்மா?" என்றான். தெரியவில்லை என்றேன். அதில்தான் அவனுக்கு ஏக சந்தோஷம். கடைசியில் "இக்கதையின் நீதி" என்று போடும் புத்தகங்களை நான் எப்போதோ மூட்டை கட்டிவிட்டேன், அது உங்களுக்குத் தெரியும். படித்து முடித்ததும் "என்ன கற்றுக்கொண்டாய்?" என்று கேட்பதும் இந்த வீட்டில் தடை.

இன்னொரு வேலையும் செய்தேன், கொஞ்சம் கள்ளத்தனம்தான். நேற்றுச் சுறா வாயைத் திறக்கும் இடத்தில் "தொண்டை வலிக்கிறது" என்று மூடிவிட்டேன். நிஜமாகவே வலித்தது! ஆனால் இன்னும் இரண்டு பக்கம் வாசித்திருக்கலாம். அதற்குத்தான் இந்தப் பதினேழு பக்கம்.

போன வாரம் வந்திருந்த உறவினர் ஒருவர் "இந்தக் காலத்துப் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள்?" என்று பெருமூச்சு விட்டார். ஃபோனிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஃபோனைத்தான் தள்ளிக்கொண்டிருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அவன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அன்றிலிருந்து சாயங்காலம் நானும் ஒரு புத்தகத்தோடு உட்காருகிறேன். ஆறு நாளில் பன்னிரண்டு பக்கம். என் கதி அப்படி இருக்கிறது!

சார்ட் வீடியோவை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன், வேண்டாம். "இதைச் செய்யாதீர்கள்" என்று அதன் கீழே எழுதி வைக்கிறேன். அட்டையைத் திரும்ப 58இலேயே வைத்துவிட்டுப் போகிறேன், தொலைந்தால் என்னைக் கொன்றுவிடுவான்.