பிளாட்பெட்டோடு அமெரிக்கா ஓடலாமா? கண்ணாடி ஸ்டிக்கர் கதையும் கொஞ்சம் கணக்கும்

வணக்கம் உறவுகளே. தார்ப்பாய் மடிக்கும் காணொளி போட்ட நாளில் இருந்து ஒரே கேள்விதான்: "அண்ணை, சொந்த ட்ரக்கும் பிளாட்பெட்டும் இருக்கிறது, அமெரிக்கப் பக்கம் ஓடலாமா?" பிளாட்பெட் என்றால் சுவரும் கூரையும் இல்லாத திறந்த தட்டு டிரெய்லர். பதில் சொல்லத்தான் கமராவைப் போட்டேன். அதற்கு முன் எனக்குப் பின்னால் நிற்கும் ட்ரக்கின் முன்கண்ணாடியைப் பாருங்கள். புதுக் கண்ணாடி, பளிச்சென்று இருக்கிறது. ஓட்டுநர் பக்க மூலையில் ஒன்றுமே இல்லை, தெரிகிறதா? அதுதான் என் வயிற்றெரிச்சல்.

ஒன்ராறியோவின் 401 நெடுஞ்சாலையில் கல் அடித்து விரிசல் விழுந்தது. கண்ணாடி மாற்றக் கொடுத்தேன். அந்த மூலையில் எல்லை தாண்டும் ட்ரக்குக்கான அமெரிக்கச் சுங்கத்தின் ஆண்டுக் கட்டண ஸ்டிக்கர் இருக்கிறது, கழற்றும் முன் என்னைக் கூப்பிடுங்கள், எண்ணைப் படம் எடுத்துக்கொள்கிறேன் என்று வாயால் சொன்னேன். வேலைத்தாளிலும் எழுதிக் கொடுத்தேன். போய்ப் பார்த்தால் பழைய கண்ணாடி குப்பைத் தொட்டியில் தூளாகக் கிடக்கிறது. "அதுவா, பார்க்கிங் அட்டை என்று நினைத்தோம்" என்கிறார் அந்தப் பிள்ளை. பார்க்கிங் அட்டையாம்! நூற்றுக்கணக்கான டொலர் கட்டி வாங்கியது. உரித்து ஒட்டவும் முடியாது, உரித்தாலே செத்துவிடும். சார்னியாவில் புளூவாட்டர் பாலம் தாண்டியதும் சாவடியில் ஒரு தடவைக்கான கட்டணத்தைத் தனியாகக் கட்டினேன். தொகை பெரிதில்லை. ஆண்டு முழுவதற்கும் கட்டியவன் மறுபடி கட்டுகிறானே, அதுதான் பொறுக்கவில்லை. மாற்று ஸ்டிக்கருக்கு விண்ணப்பித்திருக்கிறேன், தபாலில் வர வேண்டும். நீங்கள் வாங்கினால் எண்ணை அன்றைக்கே ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். ஸ்டிக்கர் எப்போது வாங்கினாலும் அந்த ஆண்டு டிசம்பர் 31-உடன் காலாவதி. ஆகவே புதிதாகத் தொடங்குகிறவர்கள் அக்டோபரில் போய் ஆண்டு ஸ்டிக்கர் வாங்காதீர்கள்.

சரி, கேள்விக்கு வருகிறேன். மைலுக்கு இத்தனை அமெரிக்க டொலர் என்று கேட்டவுடன் எல்லோரும் கனடா டொலருக்கு மாற்றிப் பெருக்கத் தொடங்கிவிடுகிறீர்கள். பெருக்குவதை நிறுத்துங்கள். முதலில் திரும்பும் பாரம் எது என்று சொல்லுங்கள். ஒஹாயோவில் இறக்கிவிட்டு, அங்கிருந்து மிச்சிகனுக்கு ஒரு பாரம் கிடைக்கிறதே என்று தூக்க முடியாது. கனடா ஓட்டுநர் அமெரிக்காவுக்குள்ளேயே ஓரிடத்தில் ஏற்றி இன்னோரிடத்தில் இறக்கக் கூடாது. கனடாவுக்கு வரும் பாரம் கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் வெறும் தட்டோடு வீடு வர வேண்டும். வெறும் தட்டுக்கு யாரும் டீசல் காசு தருவதில்லை.

இதோடு இன்றைய நிலைமையையும் சேருங்கள். பிளாட்பெட்காரனின் சோறே உருக்கும் மரமும்தான். 2025 மார்ச் 12-இல் உருக்குக்கும் அலுமினியத்துக்கும் அமெரிக்கா 25 வீத வரி போட்டது, ஜூன் 4-இல் அதை 50 வீதமாக்கியது. மரத்துக்கு ஏற்கெனவே இருந்த தீர்வைகளுக்கு மேல் அக்டோபர் 14 முதல் இன்னும் 10 வீதம். வரியைக் கட்டுவது நாங்கள் அல்ல, இறக்குமதி செய்கிறவர். ஆனால் அவர் வாங்குவதைக் குறைத்தால் உருக்காலை நகரமான ஹமில்டனில் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பது நாங்கள். உருக்கு வாடிக்கையாளர் ஒருவரை மட்டும் நம்பி எல்லை தாண்டாதீர்கள். இயந்திரம், கட்டுமானப் பொருள் என்று இரண்டு மூன்று வழி இருந்தால் பேசலாம்.

அடுத்தது, சொந்தப் பெயரில் ஓடுவதா, வேறு நிறுவனத்தின் கீழ் ஓடுவதா? முதலில் நிறுவனத்தின் கீழ் ஓடுங்கள், இதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. சொந்தப் பெயர் என்றால் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை எண், கூலிக்குப் பாரம் ஏற்றும் அனுமதியான எம்.சி. எண், அமெரிக்கச் சுங்கத்துக்கு உங்கள் நிறுவனத்தை அடையாளம் காட்டும் ஸ்காக் குறியீடு, அதுபோல் கனடா எல்லைச் சேவையின் கெரியர் குறியீடு, மாகாண, மாநில எரிபொருள் வரியை ஒன்றாகக் கட்டும் இஃப்டா கணக்கு, குறைந்தது 750,000 அமெரிக்க டொலர் பொறுப்புக் காப்புறுதி, எல்லாம் உங்கள் தலையில். 55,000 இறாத்தலும் அதற்கு மேலும் உள்ள வண்டிக்கு 2290 படிவத்தில் அமெரிக்காவுக்குக் கட்டும் ஆண்டு நெடுஞ்சாலை வரியும் உண்டு. அமெரிக்க வண்டிக்கு அதிகபட்சம் 550 டொலர், கனடாப் பதிவு வண்டிக்கு அதில் முக்கால் பங்கு, 412.50. அது ஜூலையில் தொடங்கும் ஆண்டு. ஸ்டிக்கர் ஜனவரி, இது ஜூலை. ஒரே தேதியில் வைத்தால் என்ன குறைந்துவிடும் இவர்களுக்கு?

பாலத்துக்குப் போகும் முன் இ-மேனிஃபெஸ்ட், அதாவது வண்டியும் பாரமும் பற்றிய மின்விவரம், சுங்கத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். எல்லையைத் தொடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு, முன்கூட்டியே பரிசோதித்து அனுமதி பெற்றவர்களுக்கான ஃபாஸ்ட் முறையில் போனால் அரை மணி. அனுப்பிவிட்டோம் என்று கிளம்பாதீர்கள். பாரத்தின் பார்கோடை வைத்து இறக்குமதியாளரின் சுங்க முகவர் தன் பங்கை முடித்துவிட்டாரா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஃபாஸ்ட் அட்டைக்கு 50 அமெரிக்க டொலர், ஐந்து ஆண்டு செல்லும். இந்தத் தொழிலில் எனக்கு மனப்பூர்வமாகப் பிடித்த ஒரே கட்டணம் அதுதான். பரிசோதனைக்கு ஒதுக்கிவிட்டால் தார்ப்பாயை அவிழ்ப்பதும் நீங்கள், மறுபடி கட்டுவதும் நீங்கள். மூடிய டிரெய்லர்காரன் கதவைத் திறந்துவிட்டுக் கோப்பி குடிக்கப் போய்விடுவான்.

ஆ, இரண்டு விடயம் விட்டுப்போயிற்று. ஒன்று, ஓட்டும் நேரம். ஒரு வேலைநாளில் இங்கே 13 மணி நேரம், அங்கே 11 மணி நேரம். காலையில் ஒன்ராறியோவில் ஓட்டியதும் அந்த 11-இல் சேரும். இரண்டு, ஓட்டும் நேரத்தைத் தானே பதியும் மின்பதிவுக் கருவி. அமெரிக்காவில் தயாரிப்பாளர் தாமே சான்று சொன்னால் போதும், கனடாவுக்கு மூன்றாம் தரப்பின் சான்று வேண்டும். மலிவாக ஒன்றை வாங்கும் முன் கனடாப் பட்டியலில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

கட்டும் விதத்தில் இரண்டு நாட்டுக்கும் அதிக வேறுபாடில்லை. 45,000 இறாத்தல் உருக்குச் சுருள் என்றால் கட்டுகளின் மொத்தத் தாங்குதிறன் அதில் பாதி, 22,500 இருக்க வேண்டும். தர எண் 70, 3/8 அங்குலச் சங்கிலி ஒன்று 6,600 இறாத்தல் தாங்கும். ஒரு பக்கம் தொடங்கி மறுபக்கம் வரை போகும் சங்கிலி மூன்று போட்டால் 19,800, போதாது. நான்கு போட்டால் 26,400. நான் ஐந்தாவதும் போடுவேன், சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். முதல் 50 மைலுக்குள் இறங்கி ஒரு தடவை இறுக்குங்கள், பிறகு 150 மைல் அல்லது மூன்று மணி நேரம், எது முந்துகிறதோ அதற்கு. சங்கிலி புதுப் பாரத்தில் எப்போதும் தளரும். கையால் தட்டிப் பாருங்கள், இறுக்கமாக இருந்தால் கணீர் என்னும், தளர்ந்திருந்தால் சத்தமே மந்தமாக வரும்.

ஆங்கிலம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2025 ஜூன் 25 முதல் அங்கே வீதிப் பரிசோதனையில் ஆங்கிலம் போதாது என்று கண்டால் அந்த இடத்திலேயே ஓட்டுவதை நிறுத்திவிடுகிறார்கள். இலக்கணம் பார்க்க மாட்டார்கள். எங்கே ஏற்றினீர்கள், எங்கே போகிறீர்கள், இந்தப் பலகை என்ன சொல்கிறது, இவ்வளவுதான். பயப்படுகிறவர்கள் வீட்டில் பிள்ளைகளைப் பரிசோதகராக இருத்திப் பழகுங்கள், அவர்கள் விடவே மாட்டார்கள். கஞ்சா 2018 அக்டோபர் முதல் கனடாவில் சட்டப்படி சரி, எல்லைக்கு அந்தப் பக்கம் இல்லை. போதைப் பரிசோதனைக்கும் உங்கள் பெயர் எப்போது வேண்டுமானாலும் வரும்.

வின்சர் வழியா சார்னியா வழியா என்று கேட்பவர்களுக்கு என் பதில் தெரியும். ஹூரன் சேர்ச் வீதியின் சிக்னல்களில் நின்று நின்று 1929-இல் கட்டிய அம்பாசடர் பாலத்துக்குப் போவதைவிட, 402 நெடுஞ்சாலையில் நேராகச் சார்னியா. மிச்சிகனில் 11 அச்சு, 164,000 இறாத்தல் பாரம் பற்றிக் கேட்ட தம்பிக்கு மட்டும் ஒரு வார்த்தை: வண்டியும் பாரமும் சேர்ந்து 80,000 இறாத்தல் என்ற சாதாரணக் கணக்கு அங்கே செல்லாது, அதற்குத் தனிக் காணொளி போடுகிறேன். இப்போது ஏற்றும் இடத்தில் இருந்து அழைக்கிறார்கள், போகிறேன்.