தண்ணீரில் ஹார்மோனைத் தேடும் புரதம்

நேயர்களுக்கு வணக்கம்.

1990-களில் இங்கிலாந்து ஆறுகளில், சுத்திகரித்த கழிவுநீர் கலக்கும் இடத்துக்குக் கீழே பிடித்த ரோச் மீன்களில், ஆணின் விந்தகத்துக்குள் முட்டைகள் இருந்தன. கருத்தடை மாத்திரையின் எதினைல் எஸ்ட்ராடையால் உட்பட, பெண் ஹார்மோன்போல் வேலை செய்யும் பொருள்கள் அந்த நீரில் இருந்தன. ஒரு பொருளின் பெயர் தெரிந்தால் மூலக்கூறுகளை எடைபோட்டு அடையாளம் காணும் நிறை நிறமாலைமானியால் அதை அளந்துவிடலாம். பெயர் தெரியாத பத்துப் பொருள்கள் கூட்டாக என்ன செய்யும் என்பதை அது சொல்லாது. அதற்கு, ஹார்மோன் போய் உட்காரும் ஏற்பியையே உணரியாக்க வேண்டும்.

2005-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஸ்கிரெடாஸும் வுட்டும் அமைத்த புரதம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரே சங்கிலியில் நான்கு துண்டுகள். முதலில், மற்றவை உருண்டு படியாமல் காக்கும் மால்டோஸ் பிணைப்புப் புரதம். அடுத்து, இண்டீன்: இயல்பில் புரதத்திலிருந்து தன்னைத் தானே வெட்டிக்கொள்ளும் துண்டு, இங்கே தாங்குகட்டையாக மட்டும் நிற்கும். அதனுள் செருகிய மனித ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் பிணைப்புப் பகுதி. கடைசியில், டி.என்.ஏ-வின் கட்டுமானப் பொருளான தைமின் தயாரிக்கத் தேவையான நொதி. இதை, அந்த நொதி இல்லாத ஈ.கோலை பாக்டீரியாவில் வைப்பார்கள். ஏற்பியில் ஹார்மோன் பொருந்தினால் நொதி சுறுசுறுப்பாகும்; தைமின் இல்லாத வளர்ப்பு ஊடகத்திலும் பாக்டீரியா வளரும், அந்தத் திரவம் கலங்கும். பாக்டீரியாவுக்குச் சொந்தமாக ஈஸ்ட்ரோஜன் ஏற்பி கிடையாது என்பது கூடுதல் வசதி.

ஆனால் கழிவுநீரில் நஞ்சு இருந்தால்? வளர்ச்சி நின்றுபோகும், ஹார்மோன் இருந்தும் 'இல்லை' என்று தோன்றும். இதற்கு எதிர்ச் சோதனை உண்டு. தைமினும் டிரைமெத்தோபிரிம் என்ற நுண்ணுயிர்க்கொல்லியும் சேர்த்த ஊடகத்தில், நொதி செல்லின் ஃபோலேட் என்ற வைட்டமினைச் செலவழிக்கும், மருந்து அதைப் புதுப்பிக்க விடாது; எனவே நொதி வேலை செய்யும் செல்தான் ஃபோலேட் தீர்ந்து தவிக்கும். ஆக, ஹார்மோன் முதல் சோதனையில் வளர்ச்சியைக் கூட்டும், எதிர்ச் சோதனையில் குறைக்கும். நஞ்சு இரண்டிலும் குறைக்கும். இந்தக் கண்ணாடிப் பிம்பம் கிடைக்காத முடிவை நான் நம்பமாட்டேன். டிரைமெத்தோபிரிம் கழிவுநீரிலேயே இருக்கக்கூடிய மருந்து என்பதையும் மறக்க வேண்டாம்.

உண்மையான தலைவலி அளவில் இருக்கிறது. எதினைல் எஸ்ட்ராடையாலுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2015-இல் கேட்ட கண்டறியும் எல்லை லிட்டருக்கு 0.035 நானோகிராம். நேரடியாக ஆற்றுநீரை ஊற்றினால் இந்த பாக்டீரியா அசையாது. ஒரு லிட்டரை, ஹார்மோன் போன்ற பொருள்களைப் பிடித்துவைக்கும் சி-18 உறிஞ்சு குழல் வழியே செலுத்தி, மெத்தனாலால் பெயர்த்து, உலர்த்தி, 1 மில்லிலிட்டர் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்தால் ஆயிரம் மடங்குச் செறிவு. அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கரைப்பான் செல்லைக் கெடுக்காதிருக்க 1 சதவீதத்துக்குள் சேர்த்தால், செல்கள் வளரும் சோதனைத் தட்டின் குழிக்குள் மிஞ்சுவது பத்து மடங்குதான். 100 மைக்ரோலிட்டராகச் சுருக்கினால் நூறு மடங்கு கிடைக்கும். அல்லது எத்தனாலில் கரைத்துக் குழியிலேயே ஆவியாக விட்டு, அதன்மேல் செல்கள் மிதக்கும் ஊடகத்தை ஊற்றலாம்.

மாதிரியைக் கண்ணாடிப் புட்டியில் எடுங்கள். சில பிளாஸ்டிக்கிலிருந்து பிஸ்பீனால்-ஏ கசியும்; சில சலவைத் திரவங்களில் நோனைல்பீனால் சார்ந்த பொருள்கள் உண்டு. இரண்டும் இதே ஏற்பியில் உட்காரும். ஆகவே தூய நீர் ஒரு லிட்டரையும் அதே குழல், அதே மெத்தனால், அதே புட்டி வழியே கொண்டுபோங்கள். அந்தக் குழி கலங்கினால், அன்றைய தொகுதி முழுவதையும் கழித்துவிட்டுப் புட்டி கழுவுவதிலிருந்து தொடங்குங்கள்.