பழைய சொகுசு காருக்கு பிளாக் ஹீட்டர்: முதலில் தண்ணீர் ஓடும் வழியைப் பாருங்கள்

வணக்கம் நேயர்களே.

கனடாவின் வின்னிபெக், சஸ்கட்டூன், எட்மன்டன் ஊர்களில் ஜனவரி இரவு மைனஸ் 30 டிகிரிக்கு இறங்குவது புதிதல்ல. அங்கே கார்களின் முன் கிரில்லிலிருந்து ஒரு பிளக் தலை நீட்டிக்கொண்டிருக்கும். அது பிளாக் ஹீட்டரின் வயர்; குளிரில் நிற்கும் எஞ்சினை, கிளப்புவதற்கு முன் மின்சாரத்தால் சூடாக்கும் கருவி அது. எல்லைக்கு அப்பால், அமெரிக்காவின் வட டகோட்டாவில் உள்ள கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரில் இருந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன் 1949-இல் இப்படியொரு ஹீட்டருக்குக் காப்புரிமை பெற்றார். சிலிண்டர் ஹெட்டின் போல்ட் ஒன்றைக் கழற்றிவிட்டு, மின்சாரத்தில் சூடேறும் போல்ட்டை அங்கே முடுக்குவது அவருடைய முறை. இப்போது பெரும்பாலும் எஞ்சினுக்குள் ஓடும் குளிர்விப்புத் தண்ணீர்க் கலவையான கூலன்ட்டையே சூடாக்குகிறோம்.

நான் பேசப்போவது 1970, 80-களில் வந்த மெர்சிடஸ், பி.எம்.டபிள்யூ., ஜாகுவார் கார்களைப் பற்றி. இவற்றை வைத்திருப்பவர்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை வாட் வாங்கலாம்?" அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியவை உண்டு: தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடேறும் வரை தண்ணீரைத் தடுக்கும் வால்வு) எந்தப் பக்கம் இருக்கிறது, பிளாக் என்னும் எஞ்சின் உடல் இரும்பா அலுமினியமா, சூடான தண்ணீர் எந்த வழியாக மேலே ஏறும். இது தெரியாமல் ஆயிரம் வாட் மாட்டினாலும் எஞ்சின் குளிர்ந்தே கிடக்கும்.

மெர்சிடஸ் 300டி போன்ற டீசல் கார்களில் தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்தும்போது பிறக்கும் வெப்பத்தில்தான் டீசல் பற்றுகிறது. உறைந்த இரும்பு அந்த வெப்பத்தை உறிஞ்சிவிடும். சிலிண்டருக்குள் சூடேற்றும் க்ளோ பிளக் மட்டும் ஈடுகொடுக்காது. பெட்ரோல் கார்களுக்கும் பலன் உண்டு. பாஷ் கே-ஜெட்ரானிக் என்ற பெட்ரோல் தெளிப்பு அமைப்பு உள்ள எஞ்சின்களில், குளிரில் கூடுதல் பெட்ரோல் தெளிக்கத் தனி இன்ஜெக்டர் ஒன்று இருக்கிறது. அது எவ்வளவு நேரம் தெளிக்கும் என்பதைக் கூலன்ட்டில் அமர்ந்திருக்கும் தெர்மோ-டைம் சுவிட்ச் தீர்மானிக்கிறது. கூலன்ட் வெதுவெதுப்பாக இருந்தால் தெளிப்பு குறையும். ஸ்பார்க் பிளக் நனைந்து படுத்துவிடாது. சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைப் பெட்ரோல் கழுவிக்கொண்டும் போகாது.

வாங்குவதற்கு முன் காரை நன்றாகத் தேடிப் பாருங்கள். வட அமெரிக்காவில் விற்ற மெர்சிடஸ் டீசல்கள் பலவற்றில் ஹீட்டர் ஏற்கெனவே இருக்கும். வயர் மட்டும் அறுந்தோ காணாமலோ போயிருக்கும். ஹீட்டரின் இரு முனைகளில் மல்டிமீட்டர் வைத்தால், 120 வோல்ட், 400 வாட் ஹீட்டர் சுமார் 36 ஓம் காட்ட வேண்டும். 600 வாட் என்றால் 24. இந்த அளவு வந்தால் வயர் வாங்கினால் போதும்.

புதிதாக மாட்டுவதென்றால் இரண்டு வழிகள். ரேடியேட்டரின் கீழ் ஹோஸை வெட்டி நடுவில் சொருகுவது ஒன்று. வேலை எளிது, ஆனால் இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சூடான தண்ணீர் தானாக மேலே ஏறும் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்ட பொருள் அது. சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட், ரேடியேட்டரிலிருந்து தண்ணீர் திரும்பி வரும் பக்கத்தில் இருக்கிறது. குளிரில் அது மூடியிருப்பதால் ஹீட்டரின் சூடு எஞ்சினுக்குள் நுழைய வழியில்லை, ரேடியேட்டரைத்தான் சூடாக்கும். கீழ் ஹோஸ் நேராகத் தெர்மோஸ்டாட் கூட்டில் போய் முடிகிறதென்றால் இந்த வகையை வாங்காதீர்கள்.

இன்னொன்று, பிளாக்கின் பக்கவாட்டுத் துளைகளை அடைத்திருக்கும் ஃப்ராஸ்ட் பிளக் என்ற தகட்டு மூடி ஒன்றை எடுத்துவிட்டு அந்தத் துளையில் மாட்டுவது. இரும்பு பிளாக்குக்கு என் தேர்வு இதுதான். ஜாகுவார் எக்ஸ்.ஜே.6-இன் 4.2 லிட்டர், மெர்சிடஸின் 4.5 லிட்டர் வி8 எல்லாம் இரும்பு. மெர்சிடஸின் 3.8 லிட்டர் வி8-உம் ஜாகுவாரின் வி12-உம் அலுமினியம். அங்கே துளையில் கீறல் விழுந்தால் ஒழுகல் நிற்காது. அந்த எஞ்சினுக்கென்றே செய்த ஹீட்டர் கிடைத்தால் மட்டும் கை வையுங்கள்.

எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு ரேடியேட்டர், பிளாக் இரண்டிலிருந்தும் கூலன்ட்டை வடியுங்கள். மழுங்கிய உளியால் ஃப்ராஸ்ட் பிளக்கின் ஓர் ஓரத்தைத் தட்டினால் அது திரும்பும். குறடால் பிடித்து இழுங்கள். உள்ளே விழவிட்டால் மீட்பது பெரும்பாடு. துளைக்குப் பின்னால் பல வருடத் துருச்சேறு படிந்திருக்கும். அதைச் சுரண்டித் தண்ணீர் பாய்ச்சிக் கழுவுங்கள். இந்தச் சேற்றில் புதைந்த ஹீட்டர் சூடு வெளியேற வழியின்றிக் கருகும். துளையின் விளிம்பை மெல்லிய எமரித் தாளால் தேய்த்து, ஓ-ரிங்கில் ஹீட்டருடன் வரும் மசகைத் தடவுங்கள். ஹீட்டரின் கம்பிச்சுருள் உள்சுவரில் எங்கும் இடிக்கக் கூடாது. நடுத் திருகை, ஹீட்டருடன் வரும் தாளில் சொன்ன அளவுக்கு மேல் முறுக்காதீர்கள்.

கூலன்ட்டை ஊற்றிக் காற்றை வெளியேற்றி, எஞ்சினை முழுச் சூட்டுக்கு ஓட்டி, ஒழுகல் இல்லை என்று பார்த்த பிறகே மின்சாரப் பிளக்கைச் சொருகலாம். தண்ணீரில்லாமல் சில நொடி மின்சாரம் பட்டாலே கம்பிச்சுருள் போய்விடும். கூலன்ட்டைத் தண்ணீருடன் பாதிக்குப் பாதி கலந்தால் சுமார் மைனஸ் 37 வரை உறையாது; எட்மன்டன் குளிருக்கு 60 சதவீதம் நல்லது. அதிகம் இருந்தால் நல்லதுதானே என்று தனிக் கூலன்ட்டாக ஊற்றாதீர்கள்; அதன் மூலப்பொருளான எத்திலீன் கிளைக்கால் தனியாக இருந்தால் மைனஸ் 13 வாக்கிலேயே உறையும்.

பிளாக் ஹீட்டர் ஆயிலை நேரடியாகச் சூடாக்காது. 15டபிள்யூ-40 ஆயில் மைனஸ் 25-க்குக் கீழே பம்ப்பில் ஏறுவது உறுதியில்லை. 5டபிள்யூ என்றால் மைனஸ் 35 வரை தாங்கும். ஆயில் தங்கும் தொட்டியான சம்ப்பின் அடியில் 150 வாட் சிலிக்கோன் சூடேற்றும் பட்டையும் ஒட்டலாம். தகடு சமமாக இருக்கும் இடத்தில், எண்ணெய்ப் பிசுக்கே இல்லாமல் துடைத்து ஒட்ட வேண்டும்; இடையில் காற்று இருந்தால் அந்த இடம் எரியும். ஆயில் குச்சி இருக்கும் துளையில் விடும் கம்பி ஹீட்டரை நான் சொல்ல மாட்டேன். அது தன்னைச் சுற்றியுள்ள ஆயிலை மட்டும் கருக்கும்.

பழைய கார்களில் தீப்பிடிக்கக் காரணமாவது பெரும்பாலும் ஹீட்டர் அல்ல, வயர். சாலை உப்பு பிளக்கின் முனையில் ஏறி அரிக்கும். தொடுகை தளர்ந்த இடம் சூடாகி உருகும். முனைகளில் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் தடவி, மூடி போட்டு வையுங்கள். வயர் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டையோ ஃபேனையோ உரசாமல் கட்டுங்கள். வீட்டிலிருந்து கொண்டுபோவது மூன்று முனை உள்ள, வெளியே போடுவதற்கென்றே செய்த, 14 கேஜ் எக்ஸ்டென்ஷனாக இருக்கட்டும். ஒரு மணி நேரம் கழித்து பிளக்கைத் தொட்டால் கை சுடுகிறதா? உடனே கழற்றி மாற்றுங்கள்.

மைனஸ் 15-க்குக் கீழே போகும் இரவுகளில் டைமர் வைத்து, புறப்படுவதற்கு மூன்று மணி நேரம் முன்னால் இயங்கவிட்டால் போதும். 400 வாட் ஹீட்டர் அதில் 1.2 யூனிட் இழுக்கும். இரவு பத்து மணி நேரம் விட்டால் 4 யூனிட், அதிகச் சூடு கிடைக்காது. சொருகியதும் சுவரில் உள்ள ஜி.எஃப்.சி.ஐ. (மின்கசிவு ஏற்பட்டால் தானே அணையும்) சுவிட்ச் விழுந்தால், ஹீட்டரிலோ வயரிலோ மின்சாரம் பாடியில் கசிகிறது என்று அர்த்தம். அந்தக் காரை வேறு பிளக்கில் சொருகிப் பார்க்காதீர்கள். வயரைக் கழற்றி, ஹீட்டர் முனைக்கும் எஞ்சின் உலோகத்துக்கும் இடையே ஓம் பாருங்கள். அங்கே ஏதாவது காட்டினால் ஹீட்டரை மாற்றுங்கள். எதுவும் காட்டாவிட்டால் வயரை மாற்றுங்கள்.

வணக்கம்.