மான் வேட்டைக்கு ட்ரீ ஸ்டாண்ட் எவ்வளவு உயரத்துல கட்டணும்?

வணக்கம் மக்களே! வில் வேட்டை சீசன் நெருங்கிடுச்சு. ட்ரீ ஸ்டாண்ட்னா மரத்துல உயரமா கட்டி, மேல உக்காந்து மானுக்குக் காத்திருக்கிற தட்டு. அதைக் கட்ட மரம் பாக்கலாம்னு காட்டுக்குள்ள வந்திருக்கேன். ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடுறேன். இந்தியாவுல 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். நான் பேசுறது அமெரிக்காவுல லைசென்ஸ், டேக் (ஒரு மானை வேட்டையாடுறதுக்கான அனுமதிச் சீட்டு) எல்லாம் எடுத்து, சீசனுக்குள்ள செய்ற வெள்ளைவால் மான் வேட்டையைப் பத்தி மட்டும்தான்.

சரி, எத்தனை அடி? பொதுவா 18ல இருந்து 22 அடின்னு சொல்லுவாங்க. சில பேர் 30 அடி வரைக்கும் போயிடுவாங்க. என்னைக் கேட்டா, மான் கண்ணுல படாம உங்களை மறைக்க எந்த உயரம் போதுமோ அதோட நிறுத்திக்கோங்க. அதுக்கு மேல ஏறுற ஒவ்வொரு அடிக்கும் அம்பு விடுறப்ப விலை குடுக்கணும்.

எப்படின்னு ஒரு கணக்கு போட்டுப் பாப்போம். ஸ்டாண்டோட தட்டு 20 அடியில இருக்கு. நீங்க எந்திரிச்சு நின்னு வில்லை இழுத்தா அம்பு கிட்டத்தட்ட 25 அடியில இருக்கும். மானோட நெஞ்சு தரையில இருந்து 3 அடின்னு வெச்சுக்கோங்க. ஆக, அம்பு 22 அடி கீழ இறங்கணும். மான் 20 யார்டுல, அதாவது 60 அடி தள்ளி நின்னா, அம்பு கீழ நோக்கிப் போற கோணம் 20 டிகிரி, ரொம்ப நல்ல கோணம். அதே மான் 10 யார்டுக்கு வந்துட்டா 36 டிகிரி ஆயிடும். இப்ப ஸ்டாண்டை 30 அடிக்கு ஏத்துங்க, அதே 10 யார்டுல 47 டிகிரி. மரத்தடியில 5 யார்டுல வந்து நின்னுச்சுன்னா 65 டிகிரி, கிட்டத்தட்ட நேர் கீழ பாத்து விடுற மாதிரி.

இது ஏன் முக்கியம்னா, மான் பக்கவாட்டுல நிக்கும்போது தரையில இருந்து பாத்தா ரெண்டு நுரையீரலும் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா இருக்கும். அம்பு ரெண்டையும் தொளைச்சிட்டு அந்தப் பக்கம் வெளிய வந்துடும், மான் ரொம்ப தூரம் போகாது. செங்குத்தா மேல இருந்து பாத்தா அதே நுரையீரல் இடதும் வலதுமா பிரிஞ்சு தெரியும், நடுவுல முதுகெலும்பு வேற. குறி கொஞ்சம் நகர்ந்தாலும் அம்பு ஒரு நுரையீரலோட போயிடும். அந்த மான் ரொம்ப தூரம் ஓடும், கிடைக்காமலே கூட போயிடும். அப்படி ஒரு உயிரை வதைக்கக் கூடாதுங்க, வில்லைத் தூக்குற எல்லாருக்கும் அந்தப் பொறுப்பு இருக்கு. இன்னொண்ணு, மேல நுழைஞ்ச அம்பு கீழ வெளிய வரலைன்னா ரத்தம் நெஞ்சுக்குள்ளயே தேங்கிடும், தடம் பாத்துப் போக வழியே இருக்காது. அதனால மேல இருந்து விடும்போது, அம்பு எங்க வெளிய வரும்னு முதல்ல மனசுல வெச்சுக்கிட்டு குறி வைங்க.

அப்புறம் ஏன் எல்லாரும் உயரமா போறாங்க? மானோட கண்ணுக்கும் மூக்குக்கும் பயந்துதான். கண்ணு தலையோட ரெண்டு பக்கமும் இருக்கறதால, கிட்டத்தட்ட 300 டிகிரி வரைக்கும் அதால பாக்க முடியும். அசைவுன்னா உடனே பிடிச்சிடும். வேட்டை அதிகமா நடக்குற காட்டுல மேல நிமிர்ந்து பாக்கவும் பழகிடும். உயரம் ஓரளவு உதவும், இல்லைன்னு சொல்லலை. ஆனா வாசனையை உயரம் அடக்கிடாது. சாயங்காலம் குளிர ஆரம்பிச்சா காத்து சரிவோட கீழ இறங்கும், உங்க வாசனையும் கூடவே இறங்கும். அதுக்கு காத்து பாத்து மரம் தேர்ந்தெடுக்கணுமே தவிர, இன்னும் 5 அடி ஏறிப் பிரயோஜனம் இல்லை.

இப்ப இந்த மரத்தைப் பாருங்க, கேமராவைத் திருப்புறேன். இது ஓக். 17 அடி வாக்குல ரெண்டு கவையா பிரியுது, தெரியுதா? அந்தக் கவைக்குப் பின்னாடி ஒரு தடிமனான கிளை, அதுக்கும் பின்னாடி பக்கத்து மரத்தோட இலை. அங்க உக்காந்தா நம்ம உருவம் மரத்தோட மரமா கலந்துடும். இன்னும் மேல போங்க, 25 அடிக்கிட்ட. தண்டு மெலிசாயிடுச்சு, பின்னாடி வெறும் வானம். அங்க உக்காந்தா நம்ம நிழலுருவம் பளிச்சுன்னு தெரியும், காத்தடிச்சா மரமும் ஆடும். நவம்பர்ல கடா மான் ஜோடி தேடி அலையும்போது பாதி மரம் மொட்டையா நிக்கும், அதையும் யோசிச்சுக்கோங்க. ஓக்ல நிறைய வகை காஞ்ச இலையைச் சீக்கிரம் உதிர்க்காது, அதனாலதான் எனக்கு இது பிடிக்கும்.

மான் நடக்குற தடம் இங்கிருந்து 18 யார்டு. 17 அடியில கட்டினா கோணம் 20 டிகிரிக்குள்ளதான் வரும்.

சரிவான இடம்னா கணக்கு மாறும். தடம் மேட்டுல 10 அடி உசரத்துல இருந்தா, உங்க 20 அடி ஸ்டாண்ட் அந்த மானுக்கு 10 அடிதான். பள்ளத்துல தடம் இருந்தா நேர் எதிர், 12 அடியே தாராளம். மரத்தடியில இருந்து அளக்காதீங்க, மான் நிக்கப் போற இடத்துல இருந்து அளங்க.

பாதுகாப்பு விஷயத்துல நான் கறாரா இருப்பேன். ஃபுல் பாடி ஹார்னஸ் (உடம்பு முழுக்க மாட்டிக்கிற பாதுகாப்புப் பட்டை), லைஃப்லைன் (மரத்து மேல இருந்து தரை வரைக்கும் கட்டுற பாதுகாப்புக் கயிறு) ரெண்டும் கட்டாயம். லைஃப்லைன் கயித்துல இருக்கற ப்ரூசிக் முடிச்சை (கையால நகர்த்தினா நகரும், எடை விழுந்தா இறுக்கிப் பிடிக்கும்) தரையிலயே ஹார்னஸோட மாட்டிக்கோங்க, திரும்ப தரையில கால் வைக்கிற வரைக்கும் கழட்டாதீங்க. ஏறும்போதும் இறங்கும்போதும், ஏணியில இருந்து தட்டுக்கு காலை மாத்தும்போதும்தான் நிறைய பேர் விழறாங்க. வில்லை கையில வெச்சுக்கிட்டு ஏறவே ஏறாதீங்க, மேல போய் கயித்துல இழுத்துக்கோங்க. ஸ்டாண்டை மரத்தோட கட்டுற பட்டை போன வருஷம் வெயில் மழையில கிடந்திருந்தா அதை நம்பவே நம்பாதீங்க. பல மாநிலங்கள்ல அரசு நிலத்து மரத்துல திருகுப்படி (தண்டுக்குள்ள திருகி ஏத்துற படி) போடத் தடை இருக்கு, உங்க மாநில விதியைப் பாத்துட்டு வாங்க.

கடைசியா, கட்டப் போற உயரத்துல இருந்தே பயிற்சி பண்ணுங்க. கீழ பாத்து விடும்போது பாதி பேர் கையை மட்டும் இறக்குவாங்க, அம்பு மேல போயிடும். முதல்ல நேரா நின்னு வில்லை முழுசா இழுங்க, அப்புறம் இடுப்புல இருந்து குனியுங்க. தூரத்தைப் பொறுத்தவரை, தரையோட அளக்குற தூரம்தான் கணக்கு. 20 அடி ஸ்டாண்ட்ல இருந்து 10 யார்டுல நிக்கிற மானை சாய்வா அளந்தா 12 யார்டு சொச்சம் காட்டும், ஆனா நீங்க 10 யார்டுக்குத்தான் விடணும். கோணத்தைக் கழிச்சுக் காட்டுற ரேஞ்ச்ஃபைண்டர் (தூரம் அளக்குற கருவி) இருந்தா வேலை சுலபம்.

சரி, நான் ஹார்னஸை மாட்டிக்கிட்டு இதை 17 அடியில கட்டப் போறேன். மேல இருந்து தடம் எப்படித் தெரியுது, எந்தக் கிளையை வெட்டணும்னு அடுத்த வீடியோவுல காட்டுறேன். பாக்கலாம் மக்களே!